ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவில்

கரையில் மட்டும்தான் நான் சத்தம் போடுவேன். வீட்டில் பேசுவதற்கு என் மனைவி இருக்கிறாள். இரண்டு பேருக்கான பேச்சை அவளே பேசிவிடுவாள். எனக்கு மிச்சம்.

பாம்பன் பக்கம் ஒரு கரையில் மீன் ஏலம் கூறுகிறவன் நான். எழுபத்து நாலில் ஆரம்பித்தது. ஏலத்துக்கு வந்ததே கடலுக்குப் போக முடியாமல்தான். எங்கள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் கடலில் வாந்தி எடுத்தபடியே, கரைக்குத் திருப்பச் சொல்லிக் கத்தினேன். தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த வள்ளங்களெல்லாம் எங்களுக்கு ஏதோ ஆபத்து என்று வந்து சூழ்ந்துகொண்டன. வள்ளத்தின் சொந்தக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏலே, நாளையிலருந்து நீ வராத. ஒஞ் சத்தத்துக்கு அங்கன கரையில வேலை இருக்கு."

அப்படித்தான் ஏலத்துக்கு வந்தேன்.

ஏலம் பெரிய வித்தை இல்லை. மீனைக் கொண்டுவந்து மணலில் கொட்டுவார்கள். கூறு கூறாகக் குவிப்போம். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். நான் விலையைக் கூறி ஏற்றிக்கொண்டே போவேன். ஏறுவது நின்றால் ஒரு தரம் என்பேன். பிறகு ரெண்டு தரம். அதற்குப் பிறகு கொஞ்சம் நிற்பேன். அந்த நிற்பதில்தான் தொழில் இருக்கிறது. மூணு தரம் சொல்லிவிட்டால் கலெக்டரே வந்து கேட்டாலும் மீன் கிடையாது. ஆகவே அந்த இடைவெளியில் யாராவது ஒருத்தர் மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்பார். கேட்காவிட்டால் படகுக்காரனுக்கு நஷ்டம்.

பெரியபட்டினத்திலிருந்து ஒரு வியாபாரி வருவார். முஸ்லிம். எங்கள் பக்கம் அவர்களும் நாங்களும் மாமன் மச்சான் முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். எனக்கு அவர் மச்சான். அவருக்கு நான் மாப்ள. ஆரம்பத்தில் நல்ல கூறு எல்லாம் அவருக்கே போகும். அதுவும் மலிவாகப் போகும். எனக்குக் காரணம் தெரியவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் போனபோது, பிரியாணி தின்ற சந்தோஷத்தில் அவரே சொன்னார்.

"மாப்ள, ஒன் வாயி வெலையக் கூறுது. ஒஞ் சங்கு உண்மையச் சொல்லிருது."

சங்கு என்றால் தொண்டையில் துருத்திக்கொண்டிருக்கிற முடிச்சு. ரெண்டு தரம் சொன்னதும் நான் எச்சில் முழுங்குவேனாம். சங்கு ஏறி இறங்கினால், இதற்கு மேல் விலை போகாது என்று நானே நினைத்துவிட்டேன் என்று அர்த்தமாம். அவர் தான் கேட்ட விலைக்கு மேல் வாயைத் திறக்காமல் நிற்பாராம்.

"இத்தன வருசமாவா?" என்றேன்.

"இன்னுங் கொஞ்சம் குருமா ஊத்திக்க," என்றார்.

அன்றிலிருந்து சங்கை அடக்கிப் பழகினேன். ரெண்டு தரம் சொல்லிவிட்டால் எச்சில் கிடையாது, இமை கிடையாது. கல் மாதிரி நிற்பேன். பழக ஒரு மீன்காலம் பிடித்தது. அதற்குப் பிறகு மச்சானுக்கு எதுவும் மலிவாகப் போகவில்லை. எனக்குப் பிரியாணி போட்டதை நினைத்து வருத்தப்பட்டார் என்று கேள்வி.

இரண்டாயிரத்து எட்டில் குரல் கம்மியது. கத்துகிற தொழில், கம்மத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பீடி வேறு உண்டு. பனங்கற்கண்டு சப்பினேன். மிளகு மென்றேன். கேட்கவில்லை. விலை ஏற ஏற குரல் கிழிந்தது.

"மாப்ள, இது ஏலமா, மவுத்து வீடா? அழுகிற மாதிரியே கூறுறியே," என்றார் மச்சான்.

"வீட்டுல செலவழிக்காம சேத்து வச்ச கொரலு எங்கதான் போச்சு?" என்றாள் மனைவி.

இராமநாதபுரம் டாக்டர் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. பெண் டாக்டர். குழாய் விட்டுப் பார்த்தார். துளி சதை எடுத்துச் சோதித்தார். அடுத்த வாரம் கூப்பிட்டுச் சொன்னார்.

"குரல் நாண்ல புத்து வந்திருக்குய்யா. சின்னது. ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. கதிர் வைச்சுப் பாக்கலாம். சரியாப் பட்டுச்சுன்னா நோயும் போகும், குரலும் மிஞ்சும்."

"படலைன்னா?" இது மனைவி.

"அப்ப ஆபரேஷன்தாம்மா. குரல்வளைய எடுக்க வேண்டிவரும்."

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏதாவது கேக்கணுமாய்யா?"

"ஏலம் கூறலாமா?"

"மொதல்ல இது முடியட்டும்," என்றார்.

அதற்குள் மனைவிக்குப் பேச்சு திரும்பிவிட்டது. எங்கள் ஊரில் இந்த வைத்தியத்துக்குக் கரண்டு வைக்கிறது என்றுதான் பெயர்.

"கரண்டு வைக்கயில கரண்டு போயிருச்சுன்னா? எங்க ஊருல தெனமும் போகுதே. இவுக பாதி வெந்து கெடப்பாகளே?"

"இது அந்தக் கரண்டு இல்லம்மா. ஜெனரேட்டரும் இருக்கு. முந்தியெல்லாம் கதிர் ஒரு கட்டமா விழும். அந்தக் கட்டத்துக்குள்ள இருக்கிற நல்லது கெட்டது எல்லாத்து மேலயும் படும். இந்த மிஷினுக்குள்ள மெல்லிசு மெல்லிசாத் தகடு இருக்கு. அது நகந்து நகந்து, வேண்டிய வடிவத்துக்குக் கதிரை வெட்டிவிடும். தண்டுவடம், எச்சில் சுரப்பி, எதுலயும் முடிஞ்ச மட்டும் படாது."

"வலைக் கண்ணு மாதிரி. வேண்டாததை விட்டுட்டு வேண்டியதைப் பிடிக்கும்," என்றாள் மனைவி.

"கிட்டத்தட்ட," என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. நாங்க குறிச்ச இடத்துல இவர் அசையாம இருக்கணும்."

"அதுக்குக் கவலைப்படாதீக. வீட்டுல அப்பிடித்தான் இருப்பாக."

அசையாமல் இருக்க ஒரு முகமூடி செய்தார்கள். ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. வெந்நீரில் முக்கினால் துணி மாதிரி துவண்டுவிடுகிறது. அதை என் முகத்தில் போட்டுத் தோள் வரைக்கும் இழுத்து அமுக்கினார்கள். இளஞ்சூடாக இருந்தது. சுகம் என்றுகூடச் சொல்லலாம். கொஞ்ச நேரத்தில் இறுகிவிட்டது. எடுத்துக் காட்டினார்கள். மூக்கு, மீசை, சங்கு எல்லாம் அப்படியே இருந்தது.

மிஷினைப் பார்த்துக்கொள்கிறவர் முப்பது வயசுப் பெண். மேலூர்ப் பக்கத்துப் பேச்சு. முகமூடி செய்ததும் அவர்தான்.

"அய்யா, இது முடியுற வரைக்கும் மீசைய எடுக்காதீங்க. மொட்டை போடாதீங்க. எளைச்சும் போயிராதீங்க. அப்புறம் இது தொளதொளன்னு ஆயிரும். அளவு எல்லாம் மறுபடி எடுக்கணும்."

என் மனைவி முகம் மாறியது. எங்கள் ஊர்க் காளியம்மனுக்கு என் முடியையும் மீசையையும் நேர்ந்துவிட்டு வந்திருந்தாள். சனிக்கிழமை ஊருக்குப் போய்க் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை கரண்டு வைக்க வருவது என்று ஏற்பாடு. நாவிதருக்கும் சொல்லி வைத்திருந்தாள். எதையும் வேலை தொடங்கும் முன்னாடி சாமிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் கரை வழக்கம். முதல் மீனையும் அப்படித்தான் கொடுப்போம். இந்தப் பெண் மட்டும் சொல்லாமல் இருந்தால் மொட்டைத் தலையோடு போய்ப் படுத்திருப்பேன்.

"இப்ப என்ன செய்ய?" என்றேன்.

"சாமி காத்திருக்கும். மிஷினு காத்திருக்காதுல்ல," என்றாள். அன்றே நாவிதருக்குப் போன் போட்டு, அறுவடை தள்ளிப்போகிறது என்று சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு அறை எடுத்தோம். இளைக்கக் கூடாது என்று சொன்னதை அவள் சட்டமாக எடுத்துக்கொண்டாள். காலையில் கஞ்சி, மதியம் கஞ்சி, நடுவில் முட்டை. மதுரை மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனாள். ஐஸ் மீனைப் பார்த்துவிட்டு, "இது செத்து எத்தனையாவது நாளு? கருமாதி முடிஞ்சிருச்சா?" என்று கேட்டிருக்கிறாள். மீன்காரர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். பாம்பன் பக்கம் என்றதும் தன் வீட்டுக்கு வைத்திருந்த மீனை எடுத்துக்கொடுத்துவிட்டாராம்.

முதல் நாள். பலகையில் படுக்கவைத்தார்கள். முகமூடியை மாட்டிக் கிளிப் போட்டு இறுக்கினார்கள். தலை பலகையோடு பலகையாகிவிட்டது. எல்லாரும் வெளியே போனார்கள். கனமான கதவைச் சாத்தினார்கள். வலைக் கண் வழியாகக் கூரை தெரிந்தது. மூலையில் ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர். அதிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"அய்யா, கொஞ்ச நேரந்தான். மூச்சு விடலாம். எச்சில் மட்டும் முழுங்காதீங்க."

மிஷின் கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. சூடு இல்லை, வலி இல்லை. ஒன்றும் தெரியவில்லை. சும்மா கிடப்பது எனக்குப் பழக்கமில்லை. பேசாமல் இருப்பேன், சும்மா இருக்க மாட்டேன். மனசுக்குள் கரைக்குப் போய்விட்டேன். நண்டு வந்திருந்தது. காலெல்லாம் முழுசாக இருந்த நல்ல நண்டு. கூற ஆரம்பித்தேன். விலை நன்றாக ஏறியது.

மிஷின் நின்றுவிட்டது.

"அய்யா, முழுங்காதீங்க. தொண்டை அசையுது."

மறுபடி ஆரம்பித்தது. நண்டு விற்காமல் கிடந்தது. விட மனசில்லை. விட்ட இடத்திலிருந்து கூறினேன். மறுபடி நின்றது. எப்படியோ நிறுத்தி நிறுத்தி அன்றைய வேலையை முடித்தார்கள்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கேட்டார்.

"பயமா இருக்காய்யா?"

"இல்ல."

"உள்ள சாமி கும்பிடுறீங்களோ? முகமூடி தொண்டைக்கிட்டத் துடிக்குதே."

"இல்ல."

"பின்ன?"

ஏலம் கூறினேன் என்று எப்படிச் சொல்ல. வெட்கமாக இருந்தது. வந்துவிட்டேன். மறுநாளும் அதே கதைதான். அன்றைக்குச் சீலா மீன்.

அதற்கு அடுத்த நாள் டாக்டரே கீழே வந்துவிட்டார். உட்காரவைத்துச் சொன்னார்.

"அய்யா, ஒங்களுக்குக் கட்டி வெந்தயம் அளவுதான். நீங்க முழுங்குனா அது மேல போயிட்டு வரும். அசையும்போது நாங்க நிறுத்திருவோம், அது சரி. ஆனா தெரியாம அசைஞ்சா? பட வேண்டிய எடத்துல படாது. பட்டாத்தான் குரலைக் காப்பாத்த முடியும். மனசுக்குள்ள என்னய்யா செய்றீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏலங் கூறுறாக," என்றாள்.

"என்ன?"

"ஏலம். மீன் ஏலம். தூக்கத்துலயும் கூறுவாக. ஒதடு ஆடாது, தொண்டை மட்டும் ஆடும். பக்கத்துல படுத்துக் கெடக்குற எனக்குத் தெரியாதா? ஏங்க, அதான?"

தலையாட்டினேன். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்தப் பெண்ணால் அடக்க முடியவில்லை.

"நேத்து என்ன மீனுய்யா?"

"சீலா."

"யாரு எடுத்தா?"

"எங்க. நீங்க நிப்பாட்டிட்டீங்க. அப்பிடியே மணல்ல கெடக்கு."

"ஏலத்தை வெளிய வச்சுக்கங்க," என்றார் டாக்டர். "உள்ள வேற எதையாவது நெனைங்க."

"என்னைய நெனச்சுக்கங்க," என்றாள் மனைவி.

அன்றைக்கு அவளை நினைத்தேன். நினைத்த உடனே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். ஒரு இடத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது. மிஷின் நின்றுவிட்டது.

மிஷினில் எனக்கு முந்தின முறை ஒரு மிளகாய் விவசாயிக்கு. எங்கள் பக்கம் விவசாயியைச் சம்சாரி என்போம். முதுகுளத்தூர்ப் பக்கம். என் வயசுதான். வெற்றிலை போட்டுப் போட்டுக் கன்னத்தில் வந்தது. தினமும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். முதல் நாளே பேச்சுக் கொடுத்தார்.

"எனக்குக் கன்னத்துல. ஒமக்கு?"

"தொண்டை."

"அதான் பேச்சு வர மாட்டேங்குது."

"நோய் வரமுந்தியும் இவுக இப்பிடித்தாண்ணே," என்றாள் மனைவி.

என் கதை அவர் காதுக்கும் போய்விட்டது. அவரும் ஒரு யோசனை சொன்னார்.

"மீன்காரரே, மொளகாச் செடிய நெனச்சுக்கிரும். அது பேசாது."

முயன்று பார்த்தேன். மிளகாய்ச் செடியை நான் சரியாகப் பார்த்ததில்லை. எத்தனை இலை, பூ என்ன நிறம் என்று குழம்பினேன். குழப்பத்தில் எச்சில் ஊறியது. முழுங்கிவிட்டேன்.

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் கலக்கம் வந்தது. நோய்க்குக் கலங்கவில்லை. அறுபதை நெருங்குகிறவனுக்கு ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். ஆனால் குரல்வளையை எடுத்துவிட்டால் கரையில் எனக்கு என்ன வேலை? கடலும் ஒத்துக்கொள்ளாது. பள்ளிக்கூடமும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டது இந்த ஒரு சத்தம்தான்.

வெள்ளிக்கிழமை மச்சான் பார்க்க வந்தார். தொழுகையை மதுரையில் முடித்துக்கொண்டு நேராக வந்துவிட்டார். பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். ஏர்வாடி தர்காவில் எனக்காக ஓதிவிட்டு வந்ததாகச் சொன்னார். எதிரில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசினார். எனக்குப் பதிலாக ஏலம் கூறுகிறவன் மூணு தரத்தை மூச்சு விடாமல் சொல்லித் தொலைக்கிறான், வியாபாரிகளுக்கெல்லாம் கொண்டாட்டம் என்றார். பேச்சு என்னோடு, கண் என் தொண்டையில்.

"அங்கன என்ன பாக்குறீக மச்சான்?" என்றேன்.

"பழக்கம் மாப்ள. முப்பது வருசமா ஒஞ் சங்கத்தான பாத்துக்கிட்டு இருக்கேன். எம் பொண்டாட்டி மூஞ்சியக்கூட இம்புட்டுப் பாத்ததில்ல."

"தெரியும். அவுகளே சொன்னாக," என்றாள் என் மனைவி.

"மத்த நேரமெல்லாம் சரி. ரெண்டு தரம்னு சொல்லிட்டு ஒரு நிப்பு நிப்ப பாரு, செலையாட்டம். அப்ப ஒண்ணும் தெரியாது. அந்த நேரம் நானா ஏத்திக் கேட்டுருவேன். இன்ஷா அல்லா, நீ வந்து அப்பிடி நில்லு மாப்ள. நான் ஏமாந்துட்டுப் போறேன்."

பேரீச்சம்பழத்தைத் தின்றேன்.

திங்கட்கிழமை பலகையில் படுத்தேன். முகமூடியைக் கொண்டுவந்தார்கள். மூடுவதற்கு முன்னால், "ரெண்டு தரம்," என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"என்னய்யா?" என்றார் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்ல. மூடுங்க."

மூடினார்கள். கதவைச் சாத்தினார்கள். மிஷின் சுற்றியது. கரையில் எல்லாரும் நின்றார்கள். மச்சான் என் சங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். விலை கேட்டாயிற்று. ரெண்டு தரம் சொல்லியாயிற்று. இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கேட்கிறவன் கேட்கட்டும். நான் நின்றேன்.

மிஷின் நிற்கவே இல்லை. அது பாட்டுக்குச் சுற்றி முடித்தது. கதவு திறந்தது.

"அய்யா, இன்னிக்கு ஒரு அசைவு இல்ல. என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். எனக்கு அது நீளமான பேச்சு. அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து அவரே அதை எடுத்துக்கொண்டார். வெளியே போய்க் கதவைச் சாத்தியதும் ஸ்பீக்கரில் குரல் வரும்.

"அய்யா, ரெண்டு தரம்."

நான் கல்லாகிவிடுவேன். முடிந்ததும் கிளிப்பைக் கழற்றுவார்கள். இப்படி ஒரு மாதத்துக்கும் மேல். சனி, ஞாயிறு லீவு. பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் விஷயம் பரவி, நான் உள்ளே போகும்போது சம்சாரி, "மீன்காரரே, மூணு தரஞ் சொல்லிராதயும்," என்று எச்சரித்து அனுப்புவார்.

போகப் போகத் தொண்டை புண்ணாகியது. கழுத்துத் தோல் கறுத்தது. காரம் ஆகாது, புளி ஆகாது. கடைசியில் குரல் சுத்தமாகப் போய்விட்டது. இப்படித்தான் ஆகும், பிறகு வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் மனைவிக்குத்தான் தெரிந்தது.

"முந்தி ம்-னாவது சொல்லுவாக. இப்ப அதுவும் போச்சு," என்று சம்சாரியிடம் குறைபட்டுக்கொண்டாள்.

கடைசி நாள். மிஷின் சுற்றி நின்றது. கதவு திறக்கவில்லை. என்னவோ என்று கிடந்தேன். ஸ்பீக்கர் கொரகொரத்தது.

"அய்யா. மூணு தரம். முடிஞ்சிருச்சு, எறங்குங்க."

முகமூடிக்குள் சிரிக்க முடியாது. இறுக்கமாக இருக்கும். வெளியே வந்துதான் சிரித்தேன்.

முகமூடியை எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். மனைவி அதை வீட்டுக்குப் பின்னால் கருவாடு காய்கிற இடத்தில் கம்பு நட்டு மாட்டினாள். ஒரு காக்கை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் இரவல் கேட்டார்கள். மச்சான் வந்து பார்த்துவிட்டு, உன் முகத்துக்கு இது பரவாயில்லை என்றார். முடியும் மீசையும் காளியம்மனுக்குப் போயின. சம்சாரி ஒரு மூட்டை முண்டு மிளகாய் வற்றலைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார். எனக்கு அப்போது காரம் ஆகாது. அவருக்கும் ஆகாது. ஊருக்கே பங்கு வைத்தோம்.

தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கரையில் எனக்குப் பதிலாகக் கூறியவன் ஓடிவிட்டான். அவனை விரட்டியதே என் மனைவிதான். "நானே கூறுறேன்," என்று போய் நின்றாள். எங்கள் கரையில் பொம்பிளை ஏலம் கூறுவது அதுதான் முதல். கூடையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்றவள். மீனும் தெரியும், விலையும் தெரியும். சத்தத்துக்குக் குறைவே இல்லை. நான் சும்மா பக்கத்தில் நின்றேன். நன்றாகத்தான் ஏற்றினாள். நிற்க மட்டும் தெரியவில்லை. ரெண்டு தரம் சொன்ன வாய் மூடாது.

"என்ன, எல்லாரும் வாயில கொழுக்கட்டையா? இந்த மீன இந்த வெலைக்கு ஒங்க ஆத்தா குடுப்பாளா?" என்று தொடங்கிவிடுவாள். வியாபாரிகள் சிரிப்பார்கள். சிரிப்பில் இடைவெளி போய்விடும். விலை அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாயிரத்து ஒன்பதில், தை கழிந்து, மதுரைக்குப் போனோம். டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை. இது இரண்டாவது தடவை.

"சுத்தமா இருக்கு," என்றார் டாக்டர். "அப்பப்ப வந்து காட்டிட்டுப் போகணும். இப்ப ஏதாவது பேசுங்கய்யா, கேப்போம்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏலம் கூறலாமா?" என்றேன்.

குரல் வந்தது. பழைய குரல் இல்லை. தணிவாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. ஆனால் கிழியவில்லை.

"கூறலாம். கத்தக்கூடாது."

கத்தாமல் ஏலம் கூறுகிறவனை எங்கள் கடற்கரையில் நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். மனைவி உச்சிப்புளி வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாள். பிறகு தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை கரைக்குப் போனேன். நல்ல நண்டு வந்திருந்தது. மொட்டைத் தலையில் முடி அப்போதுதான் முளைத்திருந்தது. மீசையும் அரைகுறை.

"யாரு இது, புது ஆளு?" என்றார் மச்சான்.

மனைவி கூற ஆரம்பித்தாள். விலையை ஏற்றினாள். இரண்டு பேரை வம்புக்கு இழுத்து இன்னும் ஏற்றினாள். ஏறுவது நின்றது. அவள் ஒரு தரம் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தாள். ஒதுங்கிக்கொண்டாள்.

"ஒரு தரம்," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. கரையில் ஒரே பேச்சுச் சத்தம். அலை வேறு.

"என்ன மாப்ள, கேக்கல," என்றார் மச்சான்.

"வாய மூடினாக் கேக்கும்," என்றாள் மனைவி. கரை முழுவதற்கும் சேர்த்துச் சொன்னாள்.

ஒவ்வொருத்தராகப் பேச்சை நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். கிட்டே வந்ததில் நண்டை நன்றாகப் பார்த்தார்கள்.

"ரெண்டு தரம்," என்றேன்.

நின்றேன். மச்சான் என் சங்கைப் பார்த்தார். கழுத்து இன்னும் கறுத்துக் கிடந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். என் மனைவி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு அவசரம் இல்லை. நிற்பதற்கு மதுரையில் நன்றாகப் பழகியிருந்தேன்.

"ஒஞ் சங்குக்குக் கரண்டு வச்சவுக நல்லா இருக்கட்டும்," என்றார் மச்சான். "ஒண்ணும் படிக்க முடியல." ஏற்றிக் கேட்டார்.

இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தேன். வேறு யாரும் கேட்கவில்லை.

"மூணு தரம்," என்றேன்.

அதற்குப் பிறகுதான் எச்சில் முழுங்கினேன். வலிக்கவில்லை.